நம் நாட்டு வெள்ளி, தங்க நினைவுக் காசுகள்: சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு எங்கே தொடங்குவது?

சிப்புட்_பையன் | ஞாயிறு, இரவு 9.20

வணக்கம். எனக்குப் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட். செம்பனை ஆலையில் மெயிண்டனன்ஸ் வேலை. தீபாவளிக்கு வந்த மாமா என்னிடம் ஒரு ரிங்கிட் காசு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். 1977இல் வந்தது, மலேசியாவில் இயற்கை ரப்பர் நூறு ஆண்டைத் தொட்டதற்கான நினைவுக் காசு. வெறும் செம்பு நிக்கல்தான். ஆனால் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை பால்மரம் வெட்டியவர்கள். அந்தக் காசைக் கையில் வைத்துப் பார்த்ததிலிருந்து நாட்டின் நினைவுக் காசுகளைச் சேர்க்க வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. வெள்ளியும் தங்கமும் சேர்த்துத்தான்.

மாதம் 200 ரிங்கிட் ஒதுக்கலாம், அதற்கு மேல் முடியாது. இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள். எது அசல், எது போலி, எதை முதலில் வாங்குவது என்று பிடிபடவில்லை. அம்மாவோ, “காசை வாங்கிப் பூட்டி வைப்பதற்குச் சங்கிலியாக வாங்கு, அவசரத்துக்கு அடகு வைக்கலாம்” என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

ஈப்போ_காசுப்பெட்டி | ஞாயிறு, இரவு 10.05

வணக்கம் தம்பி. நல்ல காசு கையில் வந்திருக்கிறது.

இப்போது நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஒரு நிகழ்வுக்கு நினைவுக் காசு வெளியிட்டால் பெரும்பாலும் மூன்று வகையாக வரும்: 100 ரிங்கிட் தங்கக் காசு, 10 ரிங்கிட் வெள்ளிக் காசு, 1 ரிங்கிட் நோர்டிக் கோல்டு காசு. தங்கம் 999.9 சுத்தம், 7.96 கிராம், 22 மில்லிமீட்டர் குறுக்களவு. வெள்ளி 925 தரம், அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. அண்மைய வெளியீடுகளில் 31.1 கிராம், 40.7 மில்லிமீட்டர். தங்கமும் வெள்ளியும் புரூஃப் முறையில் அடித்தவை. அச்சுக்கட்டையை மெருகேற்றி, ஒவ்வொரு காசையும் ஒரு தடவைக்கு மேல் அழுத்துவார்கள். அதனால்தான் பின்புலம் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும், உருவம் மட்டும் மங்கிய வெண்மையில் எழுந்து நிற்கும்.

மூன்றாவது வகையில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். நோர்டிக் கோல்டில் தங்கம் துளிகூடக் கிடையாது. 89 விழுக்காடு செம்பு, அலுமினியமும் துத்தநாகமும் ஐந்தைந்து, வெள்ளீயம் ஒன்று. யூரோவின் 10, 20, 50 சென்ட் காசுகளும் இதே கலவைதான். அந்தக் காசுகள் அழகானவை, வாங்கத் தகுந்தவை, என்னிடமும் நிறைய உண்டு. ஆனால் இணைய விளம்பரங்களில் ‘எமாஸ்’ (மலாயில் தங்கம்) என்ற சொல்லை மட்டும் பெரிதாகப் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். எடையையும் உலோகத்தையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இன்னொன்று. காசின்மேல் அடித்திருக்கும் தொகைதான் அதன் சட்டப்படியான மதிப்பு. 10 ரிங்கிட் வெள்ளிக் காசைக் கடையில் நீட்டினால் 10 ரிங்கிட்டுக்குத்தான் சாமான் கிடைக்கும். உள்ளே இருக்கும் வெள்ளிக்கு ஒரு விலை, சேகரிப்பவர் கொடுக்கும் விலை வேறு. மூன்று கணக்கு ஓடுகிறது; மூன்றையும் மனத்தில் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

லயத்துவீடு | ஞாயிறு, இரவு 10.48

நான் அம்மா பக்கம். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தோட்டத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் அக்காவின் கல்லூரிக் கட்டணம், அப்பாவின் ஆபரேஷன், வீட்டுக்கு முன்பணம் எல்லாமே அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போய்த் திரும்பி வந்ததால் நடந்தவை. அந்தக் கடையில் நகையை நிறுத்துப் பார்ப்பார்கள், உரசிப் பார்ப்பார்கள், பணத்தை எண்ணித் தருவார்கள். நினைவுக் காசைக் கொண்டுபோனால் பெட்டியையும் சான்றிதழையும் ஒதுக்கி வைத்துவிட்டு உலோகத்துக்கு மட்டும்தான் விலை சொல்வார்கள். வெள்ளிக் காசு என்றால் அதுகூடச் சொல்லமாட்டார்கள். மாதம் 200 ரிங்கிட் நம் சம்பளத்தில் சின்னத் தொகை இல்லை. ஆசைக்குச் செலவழிப்பது வேறு, சேமிப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி யாரும் கடனில் விழக்கூடாது.

ஈப்போ_காசுப்பெட்டி | ஞாயிறு, இரவு 11.10

லயத்துவீடு சொல்வதில் முக்கால்வாசியை நான் அப்படியே ஏற்கிறேன். சேமிப்புக்காக மட்டும் என்றால் நினைவுக் காசு சரியான வழி இல்லை. இதை விற்பவர்கள் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன்.

ஆனால் நகை ஒன்றே வழி என்பதும் இல்லை. 916 (22 காரட்) சங்கிலி வாங்கும்போது செய்கூலி கொடுக்கிறோம். விற்கும்போது அது திரும்பி வராது. சேமிப்புக்கென்றே நம் நாட்டுத் தங்கக் காசு ஒன்று இருக்கிறது: கிஜாங் எமாஸ். 2001 ஜூலை 17இல் அறிமுகமானது. ஒரு அவுன்ஸ், அரை அவுன்ஸ், கால் அவுன்ஸ் என்று மூன்று அளவு. முக மதிப்பு 200, 100, 50 ரிங்கிட். 999.9 சுத்தம். ஒரு பக்கம் கிஜாங் மான், மறுபக்கம் செம்பருத்தி. வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் பேங்க் நெகாரா அறிவிக்கிறது, அதனால் பேரத்துக்கு இடமில்லை. அதில் வேலைப்பாட்டுக்கான கூடுதல் விலை குறைவு, தங்கத்தோடு ஏறும் இறங்கும்.

100 ரிங்கிட் நினைவுக் காசை எடுத்துக்கொள்ளுங்கள். 7.96 கிராம், கிட்டத்தட்ட ஒரு பவுன் எடை. ஆனால் பவுன் காசு 22 காரட், இது 24. வெளியீட்டு விலையில் தங்கத்தின் விலைக்கு மேலே புரூஃப் அடிப்பு, பெட்டி, குறைந்த எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் கேட்பார்கள். அந்தக் கூடுதலை உங்களுக்குத் திருப்பித் தரப்போவது இன்னொரு சேகரிப்பாளர் மட்டுமே. அவர் கிடைக்கும்வரை காத்திருக்க முடிந்தால் வாங்கலாம். மருத்துவமனைக்கு அவசரமாகப் பணம் வேண்டும் என்ற நிலையில் அவரைத் தேட முடியாது.

அதனால் தம்பி, அம்மாவுக்குச் சங்கிலியும் உண்டு, உங்களுக்குக் காசும் உண்டு என்று 200ஐப் பிரியுங்கள்.

பீடோர்_டீச்சர் | திங்கள், காலை 6.40

பள்ளிக்குக் கிளம்புமுன் எழுதுகிறேன். தம்பி வைத்திருக்கும் ரப்பர் காசைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே!

1876இல் ஹென்ரி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்தவை கொஞ்சம்தான். மறு ஆண்டு, 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்கள். அந்த 1877தான் உங்கள் காசின் தொடக்க ஆண்டு. பழைய மரம் ஒன்று இன்றும் கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தில் நிற்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து அரை மணி நேரம். இன்னும் போகவில்லை என்றால் இந்த வாரமே காசை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

அப்புறம் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சாய்வாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அந்தச் சாய்வு வெட்டைக் கோடிக்கணக்கான தடவை வெட்டிய கைகள் நம்முடைய தாத்தா பாட்டிகளுடையவை. விடியுமுன் நெற்றி விளக்கோடு போய், பால் எடுத்து, தூக்கி வந்து நிறுத்துக் கொடுத்தவர்கள். காசு வெளியான 1977இல் அவர்களில் பலர் இன்னும் தோட்டக் குடியிருப்பான லயத்தில்தான் இருந்தார்கள்.

நான் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதைப் பாடமாகச் சொல்லும்போது காசை வகுப்பில் சுற்றவிடுவேன் (என்னுடையது ஏற்கெனவே தேய்ந்தது, அதனால் கவலையில்லை). புத்தகத்தில் படிக்கும்போது கேட்காத கேள்வியெல்லாம் அப்போது கேட்கிறார்கள். வெள்ளியும் தங்கமும் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் சேகரிப்பின் நடுவில் இந்தச் செம்பு நிக்கல் காசு இருக்கட்டும். மற்றவற்றை இதைச் சுற்றித் தேர்ந்தெடுங்கள்.

பாகான்செராய்_நாணயம் | திங்கள், பகல் 12.30

டீச்சர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தொடர்கிறேன். என்னுடைய ஆர்வம் முழுவதும் 1969 முதல் 1982 வரை வந்த காசுகளில். சாப்பாட்டு நேரம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம் நாட்டின் சொந்தக் காசு 1967இல்தான் புழக்கத்துக்கு வந்தது, நாடாளுமன்றக் கட்டடம் போட்ட வரிசை. இரண்டே ஆண்டில், 1969இல், பேங்க் நெகாராவின் பத்தாம் ஆண்டுக்காக நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் உருவம் போட்ட ஒரு ரிங்கிட் வந்தது. துங்கு 1970 செப்டம்பரில் பதவி விலகினார். மறு ஆண்டு அவர் உருவத்தோடு 5 ரிங்கிட் செம்பு நிக்கல் காசும் 100 ரிங்கிட் தங்கக் காசும் வெளிவந்தன. அந்த 100 ரிங்கிட் 18.66 கிராம், 22 காரட். சுத்தத் தங்கம் மட்டும் 17 கிராமுக்குச் சற்று மேல். இப்போது வரும் 100 ரிங்கிட்டைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கனம். ஒரே முக மதிப்பு, எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். ‘100 ரிங்கிட் தங்கக் காசு’ என்று யாராவது விலை சொன்னால் எந்த ஆண்டு என்று கேட்காமல் பதில் சொல்லக்கூடாது.

1972இல் கோலாலம்பூர் மாநகரானதற்கு ஒரு ரிங்கிட். அப்புறம் 1976. என்னைக் கேட்டால் நம் நினைவுக் காசுகளில் மிகச் சிறந்த ஆண்டு அதுதான். உலக வனவிலங்கு நிதியத்தின் பாதுகாப்பு வரிசையில் பல நாடுகள் சேர்ந்தன, மலேசியாவும் சேர்ந்தது. 15 ரிங்கிட் வெள்ளியில் செலாடாங் காட்டெருது, 25 ரிங்கிட் வெள்ளியில் இருவாச்சிப் பறவை, 500 ரிங்கிட் தங்கத்தில் தாபிர் என்னும் காட்டு விலங்கு. வெள்ளியில் புரூஃப் காசுகள் 28.28 கிராம், 35 கிராம். தங்கம் 33.437 கிராம், 900 தரம். அந்த இருவாச்சியின் அலகுக்குமேல் வளைந்த கொம்பை அடித்திருக்கும் நேர்த்தியை நேரில் பார்க்க வேண்டும், படத்தில் தெரியாது. தாபிரை வாங்க என்னால் முடியாது, உங்களாலும் இப்போதைக்கு முடியாது. இருவாச்சியும் செலாடாங்கும் பொறுமையாகத் தேடினால் கைக்கு எட்டக்கூடியவை.

அதே 1976இல் ஊழியர் சேமநிதியின் 25ஆம் ஆண்டுக்கு 25 ரிங்கிட் வெள்ளிக் காசு வந்தது. சேமநிதி தொடங்கியது 1951இல். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு வயதான காலத்தில் மொத்தமாகக் கைக்கு வந்த ஒரே பணம் பெரும்பாலும் அதுதான். பணம் எடுத்த அன்று பெரியவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காசின் அருமை தெரியும். 1977இல் கோலாலம்பூர் சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுக்கும், 1982இல் சுதந்திரத்தின் 25ஆம் ஆண்டுக்கும் வெள்ளியிலும் தங்கத்திலும் வந்தன.

தம்பி, உங்களுக்கு நான் போட்டுத்தரும் வழி இது: 1977 ரப்பர் இருக்கிறது, அடுத்து 1976 சேமநிதி வெள்ளி, அதற்கடுத்து 1976 இருவாச்சி. மூன்றே காசு. அவசரப்படாமல் ஓர் ஆண்டு எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டின் எல்லாக் காசையும் வாங்க நினைப்பவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

சிப்புட்_பையன் | திங்கள், மாலை 7.15

அண்ணன்களுக்கும் டீச்சருக்கும் நன்றி. சேமநிதிக் காசு ஒன்று இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. பாட்டி எடுத்த சேமநிதிப் பணத்தில்தான் எங்கள் இப்போதைய வீட்டுக்கு முன்பணம் கட்டினோம்.

ஒரு சந்தேகம். அம்மா மனம் இளகிவிட்டார். ஆனால் வெள்ளிக் காசு வந்தால் சாமி மேடையில் வைத்து மஞ்சள் குங்குமம் இட வேண்டும் என்கிறார். கறுத்துப்போனால் குத்துவிளக்கைப்போல் புளி போட்டுத் தேய்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். செய்யலாமா?

தைப்பிங்_கையுறை | திங்கள், இரவு 8.02

தயவுசெய்து புளி வேண்டாம்! திருநீறு, பற்பசை, எலுமிச்சை எதுவும் வேண்டாம். நான் கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன், இது என் பாடம். அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: குத்துவிளக்கைத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும், காசைத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் ஆயிரம் விழும், புரூஃப் பளபளப்பு போய்விடும், அதைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள். கறுத்த காசு குறையுள்ளது இல்லை. பொன்மஞ்சள், ஊதா, நீலம் என்று இயல்பாக நிறம் ஏறிய வெள்ளிக்குக் கூடுதலாகக் கொடுப்பவர்கள்கூட உண்டு.

வெள்ளி ஏன் கறுக்கிறது? காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் அதன் மேற்பரப்போடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகின்றன. நம் ஊர்க் காற்றின் ஈரம் அதை இன்னும் வேகப்படுத்துகிறது. இங்கேதான் ரப்பர் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. ரப்பரை உறுதியாக்கக் கந்தகம் சேர்த்துச் சூடாக்குகிறோம். ஆகவே ரப்பர் பேண்ட், ரப்பர் விரிப்பு, ரப்பர் கையுறை எல்லாவற்றிலும் கந்தகம் இருக்கிறது. வெள்ளிக் காசை உறையில் போட்டு அதன்மேல் ரப்பர் பேண்ட் சுற்றி வைத்தால், சில மாதங்களில் அந்த வளையம் பட்ட இடம் மட்டும் கறுப்புக் கோடாக விழுந்துவிடும். காசைத் தொடும்போது ரப்பர் கையுறை போடாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, காசின் விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்தால் போதும். பருத்திக் கையுறையும் நல்லது.

செய்தித்தாளில் சுற்றாதீர்கள். மென்மையான பிவிசி பிளாஸ்டிக் பைகளும் ஆகாது. காலப்போக்கில் பிசுபிசுப்பாகப் பச்சை படிந்து காசை அரிக்கும். அப்படிப் படிந்துவிட்டால் சுத்தமான அசிட்டோனில் சிறிது நேரம் போட்டெடுத்து உலரவிடலாம். தேய்க்கக்கூடாது, அடுப்போ விளக்கோ பக்கத்தில் இருக்கக்கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் வேறு பொருள்களும் கலந்திருக்கும், அது வேண்டாம். காசின் குறுக்களவுக்குச் சரியான கெட்டிப் பிளாஸ்டிக் கேப்சூல் வாங்குங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள்.

சாமி மேடைக்கு? கேப்சூலோடு வைத்துக் கும்பிட்டுவிட்டு எடுத்துவிடுங்கள். கேப்சூலின்மேல் பொட்டு வைத்தால் துடைத்துக்கொள்ளலாம். கற்பூரப் புகையும் ஊதுவத்திப் புகையும் படும் இடத்தில் நிரந்தரமாக வைக்க வேண்டாம்.

பீடோர்_டீச்சர் | திங்கள், இரவு 8.30

கேப்சூல்மேல் பொட்டு, அருமையான யோசனை. என் மாமியாரிடமும் சொல்கிறேன்.

கம்பார்_புதியவன் | செவ்வாய், காலை 10.11

இழையை முழுதும் படித்தேன். நானும் புதியவன். 2010இல் கிளந்தான் மாநிலத்தில் தங்க டினார், வெள்ளி டிர்ஹாம் வெளியிட்டார்களே, அவற்றை நாட்டின் நினைவுக் காசு வரிசையில் சேர்க்கலாமா?

பாகான்செராய்_நாணயம் | செவ்வாய், பகல் 1.05

சேர்க்க முடியாது. நாட்டின் சட்டப்படி பணம் வெளியிடும் உரிமை பேங்க் நெகாராவுக்கு மட்டுமே. கிளந்தான் டினார் 4.25 கிராம், 22 காரட் தங்கம்; நல்ல உலோகம், நல்ல வேலைப்பாடு. ஆனால் சட்டப்பூர்வப் பணம் இல்லை என்று மத்திய அரசு அப்போதே சொல்லிவிட்டது. தனித் தலைப்பாக வைத்துச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆல்பத்தில் வேறு பக்கம் கொடுங்கள்.

லயத்துவீடு | செவ்வாய், இரவு 9.40

ஞாயிறன்று நான் எழுதியதில் எனக்கு மாற்றம் இல்லை. ஆனால் சேமநிதிக் காசைப் பற்றிப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அது என்ன விலைக்குப் போகிறது என்று நானும் தேடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது என் கேள்வி வேறு. பேங்க் நெகாரா நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி காசு விடுகிறது. விளையாட்டுப் போட்டி, மாமன்னர் அரியணையேறுதல், ஏதாவது நிறுவனத்துக்கு ஐம்பதாண்டு என்று வந்துகொண்டே இருக்கிறது. இத்தனை வந்தால் எதற்கு மதிப்பு ஏறும்? புதிய வெளியீட்டுக்கு விண்ணப்பித்து வாங்கி உடனே கூடுதல் விலைக்கு விற்பவர்களும் இருக்கிறார்களே. உண்மையான சேகரிப்பாளனுக்குக் கிடைக்காமல் போகிறது.

ஈப்போ_காசுப்பெட்டி | செவ்வாய், இரவு 10.25

நியாயமான குறைதான். புதிய வெளியீடு அறிவித்தவுடன் பேங்க் நெகாராவின் இணையப் பக்கம் வழியாக விண்ணப்பம் போடலாம். எண்ணிக்கையைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல் வைக்கிறார்கள். வேண்டுமென்றே யாரும் ஒதுக்கப்படுவதில்லை என்ற அளவில் அது நல்ல முறை. தோட்டப்புறத்தில் இருப்பவனும் கைப்பேசியிலேயே விண்ணப்பிக்கலாம், கோலாலம்பூர் போய் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கிடைத்ததை மறுநாளே விற்பவரைத் தடுக்க முடியாது. ஆனால் அவரிடம் வாங்காமல் இருக்க நம்மால் முடியும். வெளியான முதல் வாரத்தில் ஏறும் விலை பல காசுகளுக்கு நிற்பதில்லை, ஆறு மாதம் பொறுத்தால் இறங்கிவருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எதற்கு மதிப்பு ஏறும் என்ற கேள்விக்கு: எண்ணிக்கை மட்டும் போதாது, வேண்டுபவர்களும் இருக்க வேண்டும். ஆயிரமே அடித்த காசாக இருந்தாலும் கேட்பதற்கு நூறு பேர்தான் என்றால் விலை ஏறாது. 1976 வனவிலங்கு வரிசையை மலேசியக் காசு சேர்ப்பவர்களும் தேடுகிறார்கள், உலகம் முழுவதும் விலங்குக் காசு சேர்ப்பவர்களும் தேடுகிறார்கள். அதனால்தான் அது நிற்கிறது. ஏதோ ஓர் அமைப்பின் ஆண்டு விழாக் காசுக்கு அந்த அமைப்புக்கு வெளியே ஆள் கிடையாது.

அதோடு பெட்டி, சான்றிதழ், வெளியுறை மூன்றையும் பத்திரமாக வையுங்கள். பெட்டியில்லாத புரூஃப் காசுக்கு விலை குறையும். சிலர் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்களுக்கு அனுப்பி 70க்கு எத்தனை என்று தரம் குறித்து வாங்குகிறார்கள். விலை உயர்ந்த பழைய காசுக்கு அது பயன்படும். சாதாரண 10 ரிங்கிட் வெள்ளிக்குத் தரம் போடும் கட்டணமே காசின் இலாபத்தைத் தின்றுவிடும்.

சிப்புட்_பையன் | புதன், இரவு 9.05

முடிவு செய்துவிட்டேன். 200இல் 120ஐ அம்மாவின் பெயரில் தங்கத்துக்கு ஒதுக்குகிறேன், மீதி 80ஐச் சேர்த்துவைத்து முதலில் சேமநிதி வெள்ளிக் காசு. கிடைத்ததும் இங்கே படம் போடுகிறேன். இந்த ஞாயிறு கோலகங்சார் போய் அந்த மரத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறு ஈப்போவில் மெமரி லேன் பழைய பொருள் சந்தைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அங்கே வெள்ளிக் காசு வாங்கினால் அசலா என்று நானே எப்படிச் சோதிப்பது?

ஈப்போ_காசுப்பெட்டி | புதன், இரவு 9.50

வாருங்கள், நானும் காலையில் அங்கேதான் இருப்பேன். முதல் தடவை வாங்க வேண்டாம், பார்த்துப் பழகுங்கள்.

காந்தம் ஒன்று எடுத்துவாருங்கள். வெள்ளியும் தங்கமும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் போலி, ஒட்டவில்லை என்பதால் மட்டும் அசல் ஆகிவிடாது, செம்பும் ஈயமும்கூட ஒட்டாது. அடுத்தது எடை, குறுக்களவு. அந்தந்த ஆண்டின் காசுக்குரிய எண்களை எழுதிக்கொண்டு வாருங்கள். அரை கிராம் குறைந்தாலும் கேள்வி கேளுங்கள். விளிம்பின் வரிகள் சீராக இருக்கின்றனவா, எழுத்தின் ஓரங்கள் கூர்மையாக இருக்கின்றனவா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். வார்ப்பில் செய்த போலியில் எழுத்து வழுக்கினாற்போல் இருக்கும், பின்புலத்தில் நுண்ணிய குழிகள் தெரியும்.

வீட்டில் செய்யக்கூடிய நல்ல சோதனை தண்ணீர்ச் சோதனை. தராசின்மேல் ஒரு குவளைத் தண்ணீரை வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி வரும். 31.1 கிராம் எடையுள்ள 925 வெள்ளி என்றால் தராசு 3.0 கிராம் காட்ட வேண்டும். செம்பு நிக்கலுக்கு வெள்ளி முலாம் பூசியிருந்தால் மூன்றரைக்குப் பக்கத்தில் வரும். 7.96 கிராம் சுத்தத் தங்கம் 0.41 காட்டும், பித்தளை என்றால் 0.9க்கு மேல் போய்விடும். டங்ஸ்டனுக்கும் தங்கத்துக்கும் அடர்த்தி கிட்டத்தட்ட ஒன்று, அதனால் தங்கத்துக்கு இந்தச் சோதனையோடு நிறுத்தாமல் எக்ஸ்ரே கருவி உள்ள நகைக்கடையில் காட்டுங்கள். இதெல்லாம் கேப்சூல் இல்லாமல் கிடைக்கும் பழைய காசுக்குத்தான். கேப்சூலில் இருக்கும் புரூஃப் காசை வெளியே எடுத்துத் தண்ணீரில் போடாதீர்கள்.

தராசு 0.01 கிராம் வரை காட்டுவதாக இருக்கட்டும், சமையலறைத் தராசு இதற்குப் பற்றாது. இன்னும் வாங்கவில்லை என்றால் விடுங்கள், ஞாயிறு நான் என்னுடையதைக் கொண்டுவருகிறேன்.